படிக்கவியலா ஆவணமும் பறிபோகும் குடியிருப்பும்

வீட்டைப் பூட்டித் தட்டுமுட்டுகளைத் தெருவில் எறிதல், மின்னிணைப்பைத் துண்டித்தல், தண்ணீர்க் குழாயை அடைத்தல் ஆகியன, குடிக்கூலிக்கு இருப்போரை வெளியேற்றத் தமிழ்நாட்டு நகரங்களில் வீட்டுடைமையர் சிலர் கையாளும் வழிகள். இவற்றுள் ஒன்றுக்கும் சட்டம் இடந்தரவில்லை. 1960-ஆம் ஆண்டுச் சட்டம் இவற்றைத் தடுத்தது. அதனை நீக்கிவிட்டு 22-2-2019 முதல் நடைமுறைக்கு வந்துள்ள 2017-ஆம் ஆண்டுச் சட்டமும் தடுக்கிறது. மன்றத்தின் ஆணையின்றி எவரையும் வெளியேற்றலாகாது. நீரையோ மின்னையோ நிறுத்தினால், துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத அலுவலரிடம் முறையிட்டு அவற்றை மீட்டுக்கொள்ளலாம். இரு திங்கள் குடிக்கூலி நிலுவையாயினுங்கூட, அறிவிக்கை தந்து ஒரு திங்கள் பொறுத்த பின்னரே உடைமையர் மன்றத்தை அணுக இயலும்.

இத்தனைக் காப்பும் எதன்மேல் நிற்கின்றது? எழுதிப் பதிந்த ஆவணத்தின்மேல் நிற்கின்றது. பழைய சட்டம் வாய்மொழியாகக் குடிவந்தவரையும் காத்தது. புதிய சட்டமோ எழுத்தாவணம் கட்டாயம் என்பதோடு, அவ்வாவணம் ஏற்படவில்லை என்பதையே வெளியேற்றுதற்குரிய கரணியங்களுள் ஒன்றாகவும் வைத்துள்ளது. பல்லாண்டுகளாக ஒரே அறையிலிருந்து, திங்கள் தவறாமல் கூலி செலுத்திவரும் பூக்கட்டும் பெண், 'எழுதித் தாருங்கள்' என்று வீட்டுக்காரரை எவ்வாறு வற்புறுத்துவாள்? எழுத மறுப்பவர் அவர். எழுத்தில்லாமையால் இடரடைபவள் அவள். ஈதென்ன முறை?

இனி, எழுதப்படும் ஆவணத்தின் நிலை இதனினும் இரங்கத்தக்கது. கொடுப்பவர் தமிழர், கொள்பவர் தமிழர், வீடு நிற்பதும் தமிழ்மண்ணில். ஆவணம் மட்டும் ஆங்கிலத்தில்! பதிவு அலுவலக வாயிலில் முன்பே அடித்து வைத்துள்ள பதினொரு திங்கள் ஒப்பந்தத்தில், பெயரையும் தொகையையும் மட்டும் நிரப்பி நீட்டுகின்றனர். தம் பெயரும் உருபாத் தொகையுமன்றி அதில் வேறெதனையும் அறியாதவர் கையெழுத்திடுகின்றார். முன்பணம் மூன்று திங்கள் குடிக்கூலிக்கு மேற்படலாகாது என்பது சட்டம். ஆயின், 'மாறான ஒப்பந்தம் இருந்தாலன்றி' என்றொரு விலக்கும் அச்சட்டத்திலேயே உண்டு. சென்னையில் பத்துத் திங்கள் முன்பணம் கேட்கும் பழைய வழக்கம் இவ்விலக்கின் வழியாகவே மீண்டும் உள்ளே நுழைகின்றது. தம் உரிமையைத் தாமே விட்டுக்கொடுக்கும் அவ்வொரு வரி, கையெழுத்திடுபவர் படிக்கவியலாத மொழியில் இருக்கின்றது.

வீட்டுடைமையர் அனைவரும் செல்வரல்லர். ஒரு பகுதியைக் கூலிக்கு விட்டு, அவ்வருவாயிலேயே முதுமையைக் கழிப்போரும் உளர். குடியிருப்பவர் வெளியேற மறுத்தால் அவர்படும் பாடும் பெரிதே. தமிழாவணம் அவர்க்கும் வேண்டுவதே.

தமிழில் எழுதிய ஆவணத்தைப் பதிவதற்குச் சட்டத்தில் எத்தடையும் இல்லை. தடை வழக்கத்திலும் சோம்பலிலும், ஆங்கிலத்தில் எழுதினால்தான் செல்லும் என்னும் அடிமை மயக்கத்திலும் இருக்கின்றது. அரசு எளிய தமிழில் ஒப்பந்த முன்வரைவொன்றை ஆக்கிப் பதிவு அலுவலகந்தோறும் விலையின்றித் தரல் வேண்டும். எழுத மறுத்த உடைமையர் அம்மறுப்பையே கரணியமாகக் காட்டவியலாதவாறு சட்டத்தையும் திருத்தல் வேண்டும். கையெழுத்திடுமுன் ஆவணத்தைத் தமிழில் கேட்பவரை 'வேறு வீடு பார்த்துக்கொள்ளுங்கள்' என்று திருப்பியனுப்புபவரும் இன்று தமிழராகவே இருக்கின்றார்.