மோனாவைத் தூக்கிப் போடுங்க

1/ நர்சிங் லைசென்ஸ் தேர்வுக்குப் படிக்கிறவங்களுக்கு இந்த த்ரெட். குறிப்பா அமெரிக்கா போக என்க்லெக்ஸ் எழுதப்போற நம்ம ஊர் சிஸ்டர்ஸ், பிரதர்ஸுக்கு. "எல்லா நெமோனிக்கும் ஒரே பிடிஎஃப்ல, பாஸ் கேரண்டி"ன்னு விக்கிறாங்களே, அதைப் பத்தி. கொஞ்சம் காரமாத்தான் இருக்கும்.

2/ அந்த பிடிஎஃப்கள்ல தவறாம இருக்கிறது 'மோனா'. மாரடைப்புன்னா எம் மார்ஃபின், ஓ ஆக்சிஜன், என் நைட்ரேட், ஏ ஆஸ்பிரின். பொண்ணு பேரு மாதிரி இருக்கும், ஒரு தடவை கேட்டா மறக்காது. பிரச்சினையே அதுதான். தப்பும் மறக்காது.

3/ உயிர் காக்கிற ஆஸ்பிரின் ஏன் கடைசில? 1988ல் வந்த ஐசிஸ்-2 ஆய்வில் 17,187 நோயாளிகள். மாரடைப்பு வந்தவங்களுக்கு ஒரு மாசம் ஆஸ்பிரின் குடுத்ததுல இதய, ரத்தநாள மரணம் கிட்டத்தட்ட நாலுல ஒரு பங்கு குறைஞ்சுது. அப்பேர்ப்பட்ட மருந்தை முன்னாடி வெச்சா 'அமோன்'னு வரும், வாய்ல நிக்காது. அதனால பின்னாடி தள்ளிட்டாங்க.

4/ ஆக்சிஜன்? 2017ல் ஸ்வீடன்ல 6,629 பேர்கிட்ட பார்த்தாங்க. சாச்சுரேஷன் 90க்கு மேல இருக்கிறவங்களுக்கு ஆக்சிஜன் வெச்சதால ஒரு வருஷ மரணம் குறையல. 90க்குக் கீழ போனா கட்டாயம் வைக்கணும். இந்த 'போனா' மோனாவுல எங்க இருக்கு?

5/ நைட்ரேட்: பிபி ஏற்கனவே குறைஞ்சிருந்தாலோ, வலது வென்ட்ரிக்கிள் பாதிச்சிருந்தாலோ, நோயாளி வயாகரா போட்டிருந்தாலோ வெச்சா பிபி தடால்னு விழும். மார்ஃபின்: குளோபிடோக்ரல் மாதிரி மாத்திரைகள் ரத்தத்துல சேர்றதைத் தாமதமாக்கும். வலி தாங்க முடியாதவங்களுக்குத்தான், எல்லாருக்கும் இல்ல.

6/ நம்ம ஊரையே பாருங்க. 2023ல் தமிழக அரசு ஆரம்பிச்ச 'இதயம் காப்போம்' திட்டத்துல, ஆரம்ப சுகாதார நிலையத்துலயே குடுக்கிற முதல் டோஸ்: ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அட்டோர்வாஸ்டாட்டின். மோனாவோட முதல் மூணு எழுத்தும் இதுல இல்ல.

7/ அடுத்து 'ஸ்லட்ஜ்'. பூச்சிமருந்து விஷத்துக்கு: எச்சில், கண்ணீர், சிறுநீர், பேதி, வயித்துவலி, வாந்தி. எல்லாம் சரிதான். ஆனா நுரையீரல்ல சளி நிரம்புறது, மூச்சுக்குழாய் இறுகுறது, பல்ஸ் இறங்குறது, உயிரை எடுக்கிற இந்த மூணும் அதுல இல்ல. அட்ரோபின் போதுமான்னு நாங்க முக்கியமா பார்க்கிறதும் நெஞ்சு சத்தம், பல்ஸ், பிபியைத்தான்.

8/ "டாக்டர், நீங்க மட்டும் நெமோனிக் வெச்சுப் படிக்கலையா?" படிச்சேன். 12 மூளை நரம்பையும் இன்னைக்கும் அப்படித்தான் வரிசையா சொல்றேன். அந்த வரிசை எந்த நோயாளிக்கும் மாறாது. தீ விபத்துக்கான 'ரேஸ்' கூட நல்லதுதான்: ஆளைக் காப்பாத்து, அலாரம் அடி, கதவை மூடு, தீயை அணை. மாறாத விஷயத்துக்கு மனப்பாடம் சரி. ஆளுக்கு ஆள் மாறுற சிகிச்சைக்கு இல்ல.

9/ "எக்ஸாம்ல மார்க் வந்தா போதும்"னு சொல்றவங்களுக்கு: அந்த எக்ஸாமே மாறிடுச்சு. 2023 ஏப்ரல்ல இருந்து என்க்லெக்ஸ்ல கேஸ் ஸ்டடி வருது. ஒரு நோயாளியைக் காட்டி ஆறு கேள்வி: எதைக் கவனிச்சீங்க, அதுக்கு என்ன அர்த்தம், எது அவசரம், என்ன வழி இருக்கு, என்ன செய்வீங்க, பலன் கிடைச்சுதா? நாலு எழுத்து இதுக்குப் பதில் சொல்லாது.

10/ அப்போ எப்படிப் படிக்கிறது? ஒவ்வொரு எழுத்துக்கும் பக்கத்துல ரெண்டு கேள்வி எழுதுங்க: "ஏன் குடுக்கிறோம்?" "யாருக்குக் குடுக்கக் கூடாது?" பதில் தெரிஞ்சா அந்த நெமோனிக்கை வெச்சுக்கோங்க. தெரியலன்னா முதல்ல பாடத்தைப் படிங்க. இங்கிலீஷ் எழுத்துதான் வேணும்னும் இல்ல, தமிழ்ல நீங்களே ஒண்ணு கட்டுங்க. கட்ட யோசிக்கிறப்பவே பாதிப் பாடம் ஏறிடும்.

11/ "நர்சுக்கு இவ்வளவு எதுக்கு, ஆர்டர் போடுறது டாக்டர்தானே"ன்னு பேசுற என் சக டாக்டர்களுக்கும் சேர்த்துச் சொல்றேன். ராத்திரி 2 மணிக்கு நோயாளி நெஞ்சைப் பிடிச்சா முதல்ல பக்கத்துல நிக்கிறது சிஸ்டர்தான், நாம இல்ல. நாம பிபி பார்க்காம நைட்ரேட் எழுதினா, "சார், பிபி 80தான் இருக்கு"ன்னு தடுக்கப்போறதும் அவங்கதான். அந்த ஒரு வாக்கியத்தை எந்த பிடிஎஃப்பும் சொல்லித்தராது.