கேமரா பார்த்தால் மட்டும் போதுமா?



“இனி பொருட்களின் வழவழப்பைக் கேமராவே சோதித்துவிடும், ஆள் தேவையில்லை” என்று போன இதழில் ஒரு நண்பர் எழுதியிருந்தார். அது பாதிதான் சரி என்பது என் கருத்து.

எங்க சித்தப்பா லேத் பட்டறையில் வேலை செய்கிறார். இரும்பைக் கடைந்து முடித்ததும் நகத்தால் குறுக்கே கீறிப் பார்ப்பார். பக்கத்தில் இருக்கும் சாம்பிள் தட்டையும் கீறி ஒப்பிடுவார். இதைச் சாதாரணமா நினைக்காதீங்க. 2013இல் ஸ்வீடனில் நடந்த ஆராய்ச்சியில், 13 நானோமீட்டர் உயரமே உள்ள வரிகளைக்கூட மனித விரல் கண்டுபிடித்தது. தலைமுடித் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்குகூடக் கிடையாது!

கேமராவுக்கு மேடு பள்ளம் தெரியாது, வெளிச்சமும் நிழலும்தான் தெரியும். படத்தில் ஒரு புள்ளிக்குப் பக்கத்துப் புள்ளி எவ்வளவு கருப்பு, எவ்வளவு வெளுப்பு என்று எண்ணி அட்டவணை போட்டுக் கணக்குப் பார்க்கும். 1973இல் ஹராலிக், சண்முகம், டின்ஸ்டைன் மூவரும் எழுதிய வழி இது. மணற்கல் வகைகளை இதை வைத்தே பிரித்துக் காட்டினார்கள். அருமையான வழிதான். ஆனால் விளக்கைக் கொஞ்சம் திருப்பினால் அதே இரும்பு வேறு மாதிரித் தெரியும். எண்ணெய் படிந்திருந்தால் கேட்கவே வேண்டாம். (நம்ம கரும்பலகையே ஜன்னலோரம் உட்கார்ந்தவனுக்குப் பளபளன்னு தெரியுது, எனக்குக் கருப்பாத் தெரியுது!)

இப்படித்தான் ஒரு கம்பெனி, கேமரா சொன்னதென்று பட்டறையின் நாற்பது துண்டுகளைத் திருப்பி அனுப்பியது. வைர ஊசியால் தொட்டு அளக்கும் கருவியில் வைத்துப் பார்த்தால், கேட்ட 1.6 மைக்ரோமீட்டருக்குள்தான் இருந்தன. அந்த வாரக் கூலி போனது போனதுதான்.

அதுக்காகக் கேமராவே வேண்டாம் என்று சொல்லவில்லை. ஊசி மெதுவாக ஒரு கோட்டைத்தான் அளக்கும். கேமரா ஒரே நொடியில் முழுப் பரப்பையும் பார்த்துவிடும். 2009இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஜான்சன், அடெல்சன் செய்த முறை எனக்கு ரொம்பப் பிடிக்கும். மேலே சாயம் பூசிய மெத்தென்ற ஜெல்லைப் பொருள்மேல் அமுக்கி, பின்னாலிருந்து படம் எடுப்பார்கள். பொருளின் நிறமும் பளபளப்பும் மறைந்து வடிவம் மட்டும் தெரியும். பாருங்க, கேமராவுக்கும் தொட வேண்டியிருக்கு!

நான் கேட்பது இதுதான். கேமரா ஒதுக்கியதை ஊசி வைத்து ஒருமுறை அளந்த பிறகே திருப்பி அனுப்பணும். விளக்கை எந்தக் கோணத்தில் வைத்தார்கள் என்பதையும் பட்டறைக்கு எழுதித் தரணும்.

மறுப்பு இருந்தால் எழுதுங்க. தாளின் அடியில் இடம் விட்டிருக்கிறேன்.

– 11ஆம் வகுப்பு, ‘ஆ’ பிரிவு மாணவன்