ஒன்ராறியோவில் இருந்துகொண்டு பிரெஞ்சா?

எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் மொன்றியலில் வந்திறங்கிய எம்மவர் பலர், கொஞ்சக் காலத்தில் மூட்டை கட்டிக்கொண்டு ரொறன்ரோவுக்கு வந்து சேர்ந்தார்கள். வேலை ஒரு காரணம், சொந்தபந்தம் ஒரு காரணம். மூன்றாவது காரணம் பிரெஞ்சு. "உந்தப் பாஷை எங்கட வாய்க்குள்ள நுழையாது" என்று சொல்லி 401 நெடுஞ்சாலையைப் பிடித்தவர்களின் வீடுகளில் இன்று மறுபடியும் பிரெஞ்சைப் பற்றிய பேச்சு எழுந்திருக்கிறது. படிக்க வந்த பெறாமகனுக்கு, வேலை அனுமதி முடியப்போகும் மருமகளுக்கு, கொழும்பில் இருக்கும் தம்பிக்கு என்று ஆளாளுக்குக் கேட்கிறார்கள்: "பிரெஞ்சு படித்தால் நிரந்தர வதிவிடம் கிடைக்குமாமே, மெய்தானோ?"

மெய்தான். ஆனால் எல்லோருக்கும் அல்ல. யாருக்கு அல்ல என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும்.

அகதிக் கோரிக்கை விசாரணையில் இருப்பவருக்குப் பிரெஞ்சினால் ஒரு புள்ளியும் கூடாது. குடிவரவு அகதிகள் சபை பார்ப்பது உங்களுக்குள்ள ஆபத்தையும் உங்கள் வாக்குமூலத்தின் நம்பகத்தன்மையையும்தான், மொழியை அல்ல. கோரிக்கை ஏற்கப்பட்டபின் நிரந்தர வதிவிடத்திற்கு விண்ணப்பிக்கும்போதும் மொழிப் பரீட்சை கிடையாது. மனிதாபிமான அடிப்படையில் விண்ணப்பிப்போர் மட்டும், இந்நாட்டில் வேரூன்றியுள்ளோம் என்பதற்கு மொழி வகுப்புச் சான்றிதழ்களையும் இணைக்கலாம். அது ஓர் ஆதாரமே ஒழிய, முடிவு அல்ல.

பிரெஞ்சு நேரடியாக உதவுவது 2015 ஜனவரியில் தொடங்கிய 'எக்ஸ்பிரஸ் என்ட்ரி' முறையில்தான். வயது, கல்வி, மொழி, வேலை அனுபவம் எல்லாவற்றிற்கும் புள்ளி போட்டு, கூடிய புள்ளி பெற்றவர்களை அரசாங்கம் சுற்றுச் சுற்றாக அழைக்கிறது. 2017 இல் பிரெஞ்சுக்கென மேலதிகப் புள்ளிகள் வந்தன. 2020 இல் அவை கூட்டப்பட்டன. 2023 இலிருந்து பிரெஞ்சு தெரிந்தவர்களுக்கென்றே தனிச் சுற்றுகளும் நடக்கின்றன. இதில்தான் விசயமே இருக்கிறது.

ஒரு கணக்குப் பார்ப்போம். வயது முப்பது, திருமணமாகாதவர், இளமாணிப் பட்டம், ஊரில் மூன்று வருட வேலை, இங்கே ஒரு வருட வேலை, ஆங்கிலத்தில் நான்கு பிரிவிலும் எட்டாம் நிலை என்று வைத்துக்கொள்ளுங்கள். வயதுக்கு 105, பட்டத்திற்கு 120 (சான்றிதழ் இங்கே மதிப்பீடு செய்யப்பட்டிருக்க வேண்டும்), ஆங்கிலத்திற்கு 92, கனடா அனுபவத்திற்கு 40, கல்வியும் மொழியும் அனுபவமும் சேர்வதால் வரும் 76. மொத்தம் 433. நல்ல புள்ளி போலத்தான் தெரியும். ஆனால் 2025 இல் கனடா அனுபவமுள்ளோருக்கான சுற்றுகளில் 500 ஐத் தாண்டாதவருக்கு அழைப்பு வரவில்லை. அந்தப் பிள்ளை வேலை அனுமதி முடியும் நாளை எண்ணிக்கொண்டு இருக்க வேண்டியதுதான்.

அதே பிள்ளை பிரெஞ்சில் நான்கு பிரிவிலும் ஏழாம் நிலை எடுத்தால், மேலதிகமாக 50, இரண்டாம் மொழிக்கு 12, ஆக 62 புள்ளி கூடி 495 ஆகிறது. 2025 இல் நடந்த பிரெஞ்சுச் சுற்றுகளில் ஆகக் குறைந்த வெட்டுப்புள்ளி 379, ஆகக் கூடியது 481. எந்தச் சுற்றிலும் அழைப்பு வந்திருக்கும். கூடப்பிறந்தவர் இங்கே குடியுரிமையோடு இருந்தால் கிடைப்பது வெறும் 15 புள்ளி என்பதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அண்ணன் செய்ய முடியாததைப் பிரெஞ்சு செய்கிறது! வெட்டுப்புள்ளி சுற்றுக்குச் சுற்று மாறும் என்பதையும் மறக்க வேண்டாம்.

இவ்வளவு சலுகை ஏன்? கியூபெக்கிற்கு வெளியே பிரெஞ்சு பேசுவோரின் விகிதம் குறைந்துகொண்டு போவதால், அங்கே குடியேறுவோரில் பிரெஞ்சு பேசுவோரைக் கூட்ட ஒட்டாவா இலக்கு வைத்திருக்கிறது. 2022 இல் 4.4 வீதம் எட்டப்பட்டது. 2026 க்கான இலக்கு 9 வீதம். ஆகவே இந்த வழியில் வருபவர் கியூபெக்கிற்கு வெளியே வசிக்கும் எண்ணமுடையவராக இருக்க வேண்டும். பிரெஞ்சைப் படித்துவிட்டு ஸ்காபரோவில் இருப்பதைத்தான் அரசாங்கமும் விரும்புகிறது! கியூபெக்கின் கதை வேறு. 1991 உடன்படிக்கைப்படி அந்த மாகாணம் தொழிற்றிறன் குடிவரவாளரைத் தானே தெரிவு செய்கிறது. அங்கே பலருக்கு நம்பிக்கையாக இருந்த அனுபவத் திட்டம் 2025 நவம்பரில் மூடப்பட்டுவிட்டது.

சரி, ஏழாம் நிலை என்றால் என்ன? கடையில் பாண் வாங்கத் தெரிந்தால் போதாது. வானொலிச் செய்தியை விளங்க வேண்டும், கருத்தை எழுதி வாதாட வேண்டும். ஐரோப்பிய அளவுகோலில் ஏறத்தாழ பி2. பூச்சியத்திலிருந்து தொடங்குபவருக்கு 600 மணித்தியாலம் வரை தேவை என்பது வழக்கமாகச் சொல்லும் கணக்கு. நாளுக்கு ஒரு மணித்தியாலம் என்றால் இருபது மாதம். இரண்டு என்றால் பத்து மாதம். அனுமதி முடிய ஆறு மாதம் இருக்கும்போது அகராதி வாங்குவதில் பிரயோசனமில்லை. கல்லூரியில் கால் வைத்த முதல் தவணையிலேயே தொடங்க வேண்டும்.

எங்களுக்கு அந்த மொழியில் சில சுகங்களும் உண்டு. நீ, நீங்கள் என்ற வேறுபாடு அங்கே 'தூ', 'வூ' என்று அப்படியே இருக்கிறது. ஆங்கிலேயன் தடுமாறும் இடத்தில் நாங்கள் தடுமாறத் தேவையில்லை. சிரமம் வேறிடத்தில். மேசை பெண்பால், புத்தகம் ஆண்பால். அஃறிணையில் பால் பார்த்துப் பழகாத எங்களுக்கு இது பெரிய தலையிடி. சொல்லின் கடைசி எழுத்துகள் பெரும்பாலும் வாய்க்கு வருவதில்லை. எண்பதை 'நான்கு இருபது' என்கிறார்கள். இதற்கெல்லாம் காதுதான் மருந்து. பிரான்ஸ் வானொலி ஆர்.எப்.ஐ. 'இலகு பிரெஞ்சில் செய்தி' என்று பத்து நிமிட ஒலிபரப்பை நடத்துகிறது. பேருந்தில் போகும்போது கேட்கலாம். சீ.பி.சி.யும் ராடியோ-கனடாவும் சேர்ந்து தரும் 'மோரில்' செயலி இலவசம்.

நிரந்தர வதிவிடமோ அகதி அந்தஸ்தோ கிடைத்தவர்களுக்கு, ஆங்கிலத்திற்கு 'லிங்க்' இருப்பது போலப் பிரெஞ்சுக்கு 'கிளிக்' என்ற மத்திய அரசின் இலவச வகுப்பு உண்டு. மாணவர்களுக்கும் தற்காலிக வேலை அனுமதியில் உள்ளோருக்கும் இவை கிடையா. அவர்கள் காசு கொடுத்தோ நூலகத்தை நம்பியோதான் படிக்க வேண்டும். அநியாயம்தான்; பரீட்சை கேட்கும் அதே அரசாங்கம் அவர்களுக்கு வகுப்பைக் கொடுப்பதில்லை.

கணவன் மனைவியாக விண்ணப்பிப்போருக்கு ஒரு வார்த்தை. கணவன்தான் முதன்மை விண்ணப்பதாரியாக இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. வேலைத் தகைமைகள் இருவருக்கும் இருந்தால், இருவருக்கும் தனித்தனியே புள்ளி போட்டுப் பாருங்கள். மொழி வேகமாகப் பிடிபடுவது மனைவிக்கு என்றால், வீட்டு வேலையை மற்றவர் எடுத்துக்கொண்டு அவரைப் படிக்க விடுங்கள். பாரிஸ் லா சப்பல் பக்கம் வளர்ந்து, பட்டமும் வேலை அனுபவமும் உள்ள மச்சான் மச்சாள்மார் இருந்தால் அவர்களுக்கும் இதைச் சொல்லுங்கள். அவர்கள் பிரெஞ்சை முதல் மொழியாகக் காட்டலாம். ஆங்கிலத்தில் ஐந்தாம் நிலை எடுத்தாலே அந்த 50 புள்ளியும் சேரும்.

"எங்களிடம் பிரெஞ்சு படித்தால் நிரந்தர வதிவிடம் நிச்சயம்" என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். எந்த வகுப்பின் சான்றிதழும் இங்கே செல்லாது. ஏற்கப்படுபவை இரண்டே பரீட்சைகள்: 'தெஃப் கனடா', 'தே.செ.எஃப். கனடா'. பெயரில் 'கனடா' இல்லாத வகையை எழுதிக் காசைத் தொலைக்க வேண்டாம். ஆலோசகர் எவருக்கும் பணம் கட்டுமுன், அவர் பெயர் குடிவரவு ஆலோசகர் கல்லூரியின் பகிரங்கப் பதிவேட்டில் உண்டா என்று பாருங்கள். சட்டத்தரணியானால் சட்டச் சங்கத்தின் பதிவேட்டில் பார்க்கலாம்.

பெறுபேறு இரண்டு வருடம் செல்லும். நான்கு பிரிவில் ஒன்றில் ஆறாம் நிலை வந்தாலும் அந்த 50 புள்ளியும் இல்லை, தனிச் சுற்றும் இல்லை. எம்மவர் வாசிப்பில் தேறிப் பேச்சில் விழுவதுண்டு. தெஃப் பேச்சுப் பரீட்சையில் ஒரு விளம்பரத்தைத் தந்து, ரெலிபோனில் விசாரிப்பது போலக் கேள்வி கேட்கச் சொல்வார்கள். பிறகு ஒரு நண்பரை இணங்கவைப்பது போலப் பேசச் சொல்வார்கள். இரண்டும் சேர்த்துப் பதினைந்து நிமிடம். பரீட்சைக்கு முந்திய இரண்டு மாதமும் வீட்டில் ஒருவரை எதிரே இருத்தி, நாளுக்கு ஒரு விளம்பரமாகப் பேசிப் பழகுங்கள். எதிரே இருப்பவருக்குப் பிரெஞ்சு தெரிந்திருக்க வேண்டும் என்றில்லை.