கேமராவுக்கு முன் ஐந்து ஆண்டுகள்

தேசிய தற்காப்புப் பல்கலைக்கழகத்தில் பயிற்சி அதிகாரியாகச் சேர விண்ணப்பித்த பிள்ளைக்கு இணையவழி நேர்காணல் அழைப்பு வந்துவிட்டால், வீட்டில் ஒரு வாரத்துக்குத் திருவிழாதான். வெள்ளைச் சட்டைக்கு இரண்டு முறை இஸ்திரி, மாமாவிடம் இரவல் வாங்கிய கழுத்துப்பட்டை, மடிக்கணினியை உயர்த்த அடியில் நான்கு பாடப்புத்தகங்கள், சுவரில் காலண்டரைக் கழற்றிவிட்டு ஒரு தேசியக் கொடி. திரையின் ஓரத்தில் வரிசையாக மஞ்சள் தாள்கள். ஏன் படையில் சேர விரும்புகிறாய் என்ற கேள்விக்கு யாரோ ஓர் அண்ணன் எழுதிக் கொடுத்த ஆறு வரிகள் அவற்றில் இருக்கும். பிள்ளை அதைச் சொல்லும்போது விழி இடமிருந்து வலமாக நகர்ந்து, சட்டென்று இடப்பக்கம் திரும்பி, மறுபடி நகரும். எதிர்முனையில் உட்கார்ந்திருக்கும் அதிகாரிக்கு இரண்டாவது வரியிலேயே விஷயம் விளங்கிவிடும். இவ்வளவு சிரத்தையும் அந்தப் பிள்ளைக்கு எதிராகவே வேலை செய்கிறது. ஜொகூர் இந்தியச் சமூகத்தில் நேர்காணல் தயாரிப்பு என்ற பெயரில் நடப்பதில் பெரும்பகுதி ஐந்து ஆண்டுகள் தாமதமாகத் தொடங்குகிறது என்பதே என் வாதம். நேர்காணல் கேமராவின் வழி நடக்கும்போது அந்தத் தாமதம் இன்னும் அப்பட்டமாகத் தெரிகிறது.

வெறும் பேச்சை வைத்து ஆளை எடைபோடக் கூடாது என்பதை இராணுவங்கள் பட்டுத் தெரிந்துகொண்டன. இரண்டாம் உலகப் போரின் தொடக்கத்தில் பிரிட்டிஷ் இராணுவம் ஒரு சிறு நேர்காணலை நம்பியே அதிகாரிகளைத் தேர்ந்தெடுத்தது. எந்தப் பள்ளியில் படித்தான், எந்த உச்சரிப்பில் பேசுகிறான் என்பதற்கு அதில் இருந்த மதிப்பு கொஞ்சநஞ்சமல்ல. அப்படித் தேறியவர்களில் பலர் பயிற்சியிலேயே தவறி விழுந்ததால் 1942இல் போர் அலுவலகத் தேர்வு வாரியங்கள் பிறந்தன. மனநல மருத்துவர் வில்ஃப்ரெட் பியோன் போன்றவர்கள் தலைவர் இல்லாத ஒரு குழுவிடம் வேலையைக் கொடுத்துவிட்டு, யார் எப்படி நடந்துகொள்கிறார் என்று ஒதுங்கி நின்று கவனித்தார்கள். மறு ஆண்டே அந்த முறை டேராடூனுக்கு வந்தது; படை அதிகாரிகளுக்கான இந்தியாவின் இன்றைய எஸ்எஸ்பி தேர்வு அதன் வாரிசு. அங்கே 60 சொற்களை ஒவ்வொன்றாகக் காட்டி, ஒன்றுக்கு 15 வினாடியில் மனத்தில் பட்டதை எழுதச் சொல்கிறார்கள். அலங்காரம் செய்ய நேரமே கொடுக்காமல் கேட்பதுதான் நோக்கம். (அதற்கும் விடைப்பட்டியல் விற்கும் பயிற்சி மையங்கள் வந்துவிட்டன என்பது வேறு கதை.)

வேலைக்கு ஆள் எடுக்கும் முறைகளைப் பற்றிய ஆய்வுகளும் இதையொட்டியே பேசுகின்றன. ஷ்மிட், ஹன்டர் இருவரும் 1998இல் பல்லாண்டு ஆய்வுகளைத் தொகுத்தபோது, எல்லாரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு ஒரே அளவுகோலால் மதிப்பெண் போடும் கட்டமைந்த நேர்காணலுக்கும் பிற்காலப் பணித்திறனுக்கும் உள்ள தொடர்பு 0.51 என்றும், மனம்போல் பேசிப் பார்க்கும் நேர்காணலுக்கு 0.38 என்றும் கணக்கிட்டார்கள். 2022இல் சாக்கெட் குழுவினர் அந்தக் கணக்கைத் திருத்தியபோது முதலாவது 0.42 ஆகவும், இரண்டாவது 0.19 ஆகவும் இறங்கின. எண்கள் மாறினாலும் வரிசை மாறவில்லை. நேர்காணலைப் பயனுள்ளதாக்குவது கட்டமைப்பு. கட்டமைந்த கேள்விகளில் முக்கியமான வகை, 'நீ எப்படிப்பட்டவன்' என்பதைக் கேட்காமல் 'நீ என்ன செய்தாய்' என்பதைக் கேட்கும். ஒரு குழுவை நடத்தியபோது எது தவறியது, அடுத்த அரைமணி நேரத்தில் என்ன செய்தாய் என்று வரும். இதற்கு அண்ணன் எழுதிக் கொடுத்த ஆறு வரியில் விடை கிடையாது.

விடை இருக்கும் இடம் இடைநிலைப்பள்ளித் திடல். படிவம் ஒன்றிலிருந்து ஐந்துவரை ஒவ்வொரு மாணவரும் ஒரு சீருடை இயக்கத்தில் இருந்தாக வேண்டும். பல்கலைக்கழக நுழைவு மதிப்பீட்டில் 90 விழுக்காடு கல்விக்கும் 10 விழுக்காடு புறப்பாட நடவடிக்கைக்கும் போகிறது என்பது பெற்றோருக்குத் தெரியும். அதனால்தான் சிக்கலும் வருகிறது: பத்து விழுக்காட்டுக்குச் சான்றிதழ் சேர்ந்தால் போதும் என்று நினைத்துவிடுகிறோம். சாரணர் முகாமுக்குக் கூடாரங்களை எண்ணி ஏற்றும் பொறுப்பு ஒரு பிள்ளையிடம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இறக்கும்போது ஆணிப்பை ஒன்று குறைகிறது, மழை வேறு வருகிறது. அன்று யாரிடம் சொன்னான், எதை எதற்குப் பதிலாக வைத்துச் சமாளித்தான், பழியை யார் தலையில் போட்டான் அல்லது போடாமல் விட்டான் என்பதைத் தன் சொந்தச் சொற்களில் அவன் மூன்று நிமிடம் சொன்னால், தேர்வு வாரியம் கேட்கும். சான்றிதழ் கோப்பில் அந்த மூன்று நிமிடம் இருக்காது. முகாம் நாளில் டியூஷனுக்கு அனுப்பப்பட்ட பிள்ளையிடமும் இருக்காது.

மொழியும் அப்படித்தான். எஸ்பிஎம் மலாய்மொழித் தாளில் 'ஏ' வாங்குவதும், மலாயில் இருபது நிமிடம் தடையில்லாமல் காரணகாரியத்தோடு பேசுவதும் வெவ்வேறு திறமைகள். தமிழ்ப்பள்ளியிலிருந்து வரும் பிள்ளைகளில் பலர் தேர்வுக்கு எழுதும் மலாயையும் கடைத்தெருவில் பேசும் மலாயையும் நன்றாக அறிவார்கள். நடுவில் இருக்கும் நாகரிகமான பேச்சு மலாய்க்கு அவர்கள் நாளில் இடமே இருப்பதில்லை. நேரில் என்றால், நிமிர்ந்த நடையும் உட்காரும் தோரணையும் அந்தக் குறையைக் கொஞ்சம் மூடிவிடும். காணொளியில் நடை தெரியாது, கை தெரியாது. தோளுக்கு மேலே ஒரு முகம், அரை வினாடி பிந்தி வரும் ஒரு குரல், அவ்வளவுதான் மிஞ்சுகிறது. எனவே சொல்லின் எடை கூடிவிடுகிறது. இதைப் பட்டறை நடத்திச் சரிசெய்ய முடியாது. வாரம் ஒரு செய்தியைப் படித்துவிட்டு, நண்பனிடமோ ஆசிரியரிடமோ மலாயில் ஐந்து நிமிடம் வாதாடும் பழக்கம் படிவம் மூன்றில் தொடங்கினால் சரியாகும்.

எதைப் பற்றிப் பேசுவது என்று ஜொகூர்ப் பிள்ளை தேடி அலைய வேண்டியதில்லை. பிரிட்டிஷார் காலத்துக் காட்டுப்போர்ப் பள்ளியின் வழிவந்த புலாடா பயிற்சி மையம் உலு திராமில் இருக்கிறது. கடற்படையின் புதுச் சேர்க்கைப் பயிற்சி மையம் தஞ்சோங் பெங்கெலேயில். தரைப்படையின் வான் பிரிவு குளுவாங் மக்கோத்தா முகாமில். நாட்டிலேயே தனக்கென ஒரு படையை வைத்திருக்கும் ஒரே மாநிலம் ஜொகூர். அந்தப் படை 1886இல் தோன்றியது. இப்போது மாமன்னர் என்ற முறையில் ஆயுதப்படைகளின் தலைமைத் தளபதியாகவும் இருக்கும் சுல்தான் இப்ராஹிம் இளமையில் அதே புலாடாவில் பயிற்சி பெற்றவர். ஜொகூர் கரையிலிருந்து 7.7 கடல் மைலில் இருக்கும் பத்து புத்தே தீவு சிங்கப்பூருக்கு, பக்கத்திலுள்ள நடுப்பாறைகள் மலேசியாவுக்கு என்று அனைத்துலக நீதிமன்றம் 2008 மே 23ஆம் நாள் தீர்ப்பளித்தது. அத்தனை அருகில் எல்லை ஓடும் மாநிலத்துப் பிள்ளை, தற்காப்பு என்றால் என்ன என்ற கேள்விக்கு 'நாட்டைக் காப்பது' என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொண்டால், எதிரே இருப்பவர் என்ன நினைப்பார்? 2019 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் தாக்கலான தற்காப்பு வெள்ளை அறிக்கை, நாட்டின் முதலாவது, பொதுமக்கள் படிக்கக் கிடைக்கிறது. இரண்டு சனிக்கிழமைகள் போதும்.

இத்தனை சொன்னதால் கடைசி வாரத்தில் செய்ய ஒன்றுமே இல்லை என்று ஆகாது. கைப்பேசியில் மூன்று ஒத்திகையைப் பதிவுசெய்து பார்ப்பது, பேசும்போது திரையில் தெரியும் முகத்தை விட்டுவிட்டு லென்ஸைப் பார்க்கப் பழகுவது, கேள்வி முடிந்ததும் இரண்டு வினாடி பொறுத்துப் பேசுவது எல்லாம் பலன் தரும். இங்கேதான் சமூக அமைப்புகளுக்கு ஓர் உருப்படியான வேலை இருக்கிறது. காணொளி நேர்காணல் சிகாமட், மெர்சிங் பிள்ளைகளுக்குப் பல்கலைக்கழகம் இருக்கும் சுங்கை பீசிவரை போய்வரும் செலவை மிச்சப்படுத்துகிறது. ஆனால் கதவைச் சாத்திக்கொள்ளக்கூடிய ஓர் அறை வீட்டில் இருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறது. இரண்டு அறை அடுக்குமாடி வீட்டில் பாட்டியும் தம்பியும் தொலைக்காட்சியும் ஒரே கூடத்தில். கிழக்குக் கரையில் டிசம்பர் மழை தகரக்கூரையில் இறங்கினால் கேள்வியே காதில் விழாது. ஜொகூரில் ஏறத்தாழ 70 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. அவற்றின் கணினி அறைகளை நேர்காணல் நாளில் இரண்டு மணிநேரம் திறந்துவிட ஒரு சாவியும் ஒரு பொறுப்பாளரும் போதும். தலைவர் உரை, மாலை மரியாதை, குழுப்படம் என்று முடியும் ஒருநாள் பட்டறையின் செலவில் இதை ஓராண்டுக்கே நடத்தலாம்.

இங்கே வழக்கமான மறுப்பு எழும்: எப்படித் தயாரானாலும் நம் பிள்ளையை எடுக்கவா போகிறார்கள்? இந்தச் சந்தேகம் காற்றில் முளைத்ததல்ல. அதிகாரிகள் வரிசையில் இந்திய முகம் அரிது என்பதைக் கண்ணால் பார்க்கிறோம். ஆனால் சட்டம் சொல்வதைச் சரியாகப் படிக்க வேண்டும். மலாய்க்காரர்களுக்கு மட்டும் என்று வரையறுக்கக் கூட்டரசு அரசியலமைப்பின் 8ஆம் பிரிவு இடம் தருவது மலாய் ரெஜிமெண்டுக்கு. கடற்படைக்கும் ஆகாயப்படைக்கும் ரேஞ்சர் படைக்கும் அந்த வரம்பு இல்லை. 1967இல் கடற்படையின் முதல் மலேசியத் தளபதியாக வந்தவர் கே. தனபாலசிங்கம், அப்போது அவருக்கு 31 வயது. அது பழங்கதை என்று தள்ளலாம், தள்ளுவதிலும் நியாயம் உண்டு. விண்ணப்பம் குறைவு என்று தற்காப்பு அமைச்சு சொல்கிறது. வடிகட்டுகிறார்கள் என்று நாம் சொல்கிறோம். விண்ணப்பித்தவர், நேர்காணலுக்கு அழைக்கப்பட்டவர், தேர்வானவர் என்ற மூன்று எண்களை இனவாரியாக ஆண்டுதோறும் வெளியிட்டால் யார் சொல்வது சரி என்று தெரிந்துவிடும். அதைக் கேட்பது நம் நாடாளுமன்ற உறுப்பினர்களின் வேலை. எண்கள் வரும்வரை விண்ணப்பிக்காமல் இருப்பது, அமைச்சின் வாதத்துக்கு நாமே சான்று எழுதிக் கொடுப்பதாகிவிடும்.

இன்னொரு மறுப்பை இவ்வளவு விரைவாகக் கடந்துபோக எனக்குத் துணிவில்லை. 2017 ஜூன் 1ஆம் நாள் அதே தேசிய தற்காப்புப் பல்கலைக்கழகத்தின் கடற்படைப் பயிற்சி மாணவர் சுல்ஃபர்ஹான் ஒஸ்மான் சுல்கர்னைன், சக மாணவர்கள் இஸ்திரிப்பெட்டியால் சூடுவைத்துச் சித்திரவதை செய்ததில் உயிரிழந்தார். வழக்கு ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் நீண்டு, 2025 பிப்ரவரியில் கூட்டரசு நீதிமன்றம் ஆறு பேரின் மரண தண்டனையை நீக்கித் தலா 18 ஆண்டுச் சிறை விதித்தது. இதைப் படித்த அம்மா 'வேண்டாம்யா' என்று சொன்னால் அவரைக் கோழை என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. விடுதிக் கண்காணிப்பு எப்படி மாறியிருக்கிறது, புகார் கொடுத்தால் யார் விசாரிப்பார் என்பதைப் பல்கலைக்கழகம் பெற்றோருக்கு விளக்கமாகச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறது. 'உனக்குக் கேள்வி ஏதும் உண்டா?' என்று நேர்காணலின் முடிவில் கேட்கப்பட்டால், பிள்ளை மரியாதையோடு இதையே கேட்கலாம். கேட்டதற்காக மதிப்பெண் குறையுமோ என்று பயப்படத் தேவையில்லை. கீழிருப்பவரின் பாதுகாப்பைப் பற்றி யோசிக்கிறவரைத்தானே அதிகாரியாகத் தேடுகிறார்கள்.

அந்த அம்மாவின் தயக்கம் நேர்காணலுக்குள்ளும் வரும். வீட்டில் சம்மதமா என்பது இப்படிப்பட்ட வாரியங்களில் எதிர்பார்க்க வேண்டிய கேள்வி. அம்மா பக்கத்து அறையிலேயே இருக்கும் காணொளி நேர்காணலில், அதற்குப் பொய்யான பதிலைச் சொல்வது பிள்ளைக்கு இன்னும் கடினம். 'அப்பா சரி என்றார், அம்மா மூன்று மாதம் பேசவில்லை, பிறகு 2017 வழக்கைப் பற்றி நாங்கள் உட்கார்ந்து பேசினோம்' என்று ஒரு பிள்ளை சொன்னால், மஞ்சள் தாள் எதுவும் அவனுக்குத் தேவைப்படாது. அந்தப் பேச்சுக்கு அழைப்புக் கடிதம் வரும்வரை காத்திருக்க வேண்டியதும் இல்லை. படிவம் மூன்றின் ஆண்டிறுதி விடுமுறையில் ஒரு மாலை, தொலைக்காட்சியை அணைத்துவிட்டு உட்கார்ந்தால் தொடங்கிவிடலாம்.