நனைந்த படிவம்

பெற்றோரின்றி எல்லை கடக்கும் குழந்தையைப் பற்றி எழுத நம் கவிஞர்களிடம் கண்ணீர் தயாராக இருக்கிறது, குழந்தைதான் இல்லை. ஒரு பொம்மை, ஒரு முள்வேலி, மேலே நிலா. கவிதை முடிந்துவிடுகிறது.

ஹாவியர் ஸமோரா 1999-ல், ஒன்பது வயதில், எல் சால்வடாரிலிருந்து அமெரிக்காவிலிருந்த பெற்றோரிடம் போகக் கிளம்பியவர். இரண்டு வாரப் பயணம் என்றார்கள். இரண்டு மாதம் ஆயிற்று. கடல், மெக்ஸிகோ, பாலைவனம். 2022-ல் வந்த அவருடைய ‘ஸோலிட்டோ’வில் அந்தப் பையனின் கவலைகளில் ஒன்று, தனக்கு ஷூ நாடா சரியாகக் கட்டத் தெரியாதது. வெறும் இரக்கத்துக்கு இது அகப்படாது. கூட வந்த அந்நியர்களே அவனுக்குக் குடும்பமாகிறார்கள்.

இத்தகையவர்களுக்கு 2002-ஆம் வருஷத்து அமெரிக்கச் சட்டம் வைத்த பெயர் ‘துணையற்ற அந்நியக் குழந்தை’. வங்கியில் படிவங்களோடு காலம் தள்ளுகிறவன் நான். படிவத்தின் சொல் ஆளைச் சொல்வதில்லை. அலுவலகத்தின் சௌகரியத்தைச் சொல்கிறது. ‘ஸோலிட்டோ’ என்பதும் ‘தனியாக’ என்பதுதான், ஆனால் வீட்டில் செல்லமாகச் சொல்கிற மாதிரி. இந்த இரண்டு சொற்களுக்கும் உள்ள தூரம்தான் இலக்கியம். நம்மவர்கள் அதிகாரியின் சொல்லை எடுத்துக் கண்ணீரில் நனைத்துத் தருகிறார்கள். நனைந்தாலும் அது படிவம்தான்.