சன்னல் வழியே பார்த்த சிங்கப்பூர்

என் பிறந்த ஊர் விழுப்புரம் மாவட்டம் அனந்தபுரம். கல்யாணமாகி சிங்கப்பூர் வந்து பன்னிரண்டு வருடம் ஆகிறது. என்னைப் போல் வெளிநாட்டில் குடித்தனம் நடத்தும் சகோதரிகளுக்கு ஒன்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

என் இரண்டு பிரசவத்துக்கும் அம்மா இங்கே வந்தார். பத்தியச் சமையல், குழந்தைக்குக் குளியல், துணி மடிப்பது என்று விடிந்தது முதல் வேலைதான். அப்பா ஊரில் மல்லாட்டைக் கொல்லையைப் பார்த்துக்கொண்டு, தானே பொங்கித் தின்றார். அம்மா திரும்பிப் போனதும் பக்கத்து வீட்டுப் பெரியம்மா, "சிங்கப்பூர் எப்படி இருந்துச்சு?" என்று கேட்டாராம். "பன்னண்டாவது மாடி சன்னல்லேருந்து பாத்தேன்க்கா, நல்லாத்தான் இருந்துச்சு" என்றாராம் அம்மா. தங்கை இதைப் போனில் சிரித்துக்கொண்டே சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

போன வருடம், "வேலைக்கு இல்ல, ஊர் பாக்க வாங்க" என்று இருவரையும் சேர்த்தே அழைத்தோம். அதிலும் முதல் நாள் தப்பு செய்தேன். சிங்கச் சிலை, பூந்தோட்டம், செந்தோசா தீவு என்று ஒரே நாளில் இழுத்தடித்ததில் அம்மாவுக்கு முழங்கால் வீங்கிவிட்டது. அப்பாவோ ஒவ்வொரு டிக்கெட்டையும் ரூபாயில் பெருக்கிப் பார்த்து, "இந்தக் காசுல ஒரு மூட்டை உரம் வாங்கலாமே" என்று மருகினார்.

அதன்பின் நாளைக்கு ஓர் இடம் என்று குறைத்துக்கொண்டேன். தேக்கா மார்க்கெட்டில் முருங்கைக்கீரையையும் வாழைப்பூவையும் பார்த்து அம்மாவுக்கு ஆச்சரியம். தமிழ் இங்கே நான்கு ஆட்சி மொழிகளில் ஒன்று என்பதால், ரயில் நிலையத்தில் தமிழ்ப் பலகையைப் பார்த்து அப்பா சத்தம் போட்டுப் படித்தார். ஞாயிற்றுக்கிழமை மாலை சிராங்கூன் ரோடு பக்கம் வேலைக்கு வந்த நம் ஊர்ப் பிள்ளைகள் கூடுவார்கள். அங்கே திண்டிவனம் பக்கத்துத் தம்பி ஒருவரோடு ஏரித் தண்ணீர், மழை என்று ஒரு மணி நேரம் பேசினார்.

எல்லாவற்றுக்கும் மேல், சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் கோவில். 1827இல் உண்டான கோவில் அது. உள்ளே திரௌபதி அம்மனுக்கும் சன்னதி உண்டு. வருடா வருடம் தீபாவளிக்கு முன் தீமிதியும் நடக்கிறது. செஞ்சியை அடுத்த மேலச்சேரி திரௌபதி அம்மனைக் கும்பிட்டு வளர்ந்தவர் அப்பா. "நம்ம அம்மா நமக்கு முன்னாடியே கடல் தாண்டி வந்துட்டாளே" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். அத்தனை டிக்கெட் கொடுத்தும் வராத சந்தோஷம் காசில்லாமல் வந்தது.

வெளிநாட்டில் இருக்கும் நாம் பெற்றவளை எப்போது அழைக்கிறோம்? பிரசவத்துக்கு, குழந்தை பார்க்க, வீட்டில் ஆள் இல்லாதபோது. அவர்களும் முகம் சுளிக்காமல் வருகிறார்கள். அது அவர்கள் பாசம். ஆனால் அதையே நாம் பழக்கமாக்கிக்கொள்வது நியாயமா? ஒரு தடவையாவது விருந்தாளியாக அழைத்து, கரண்டியை நம் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். மாமனார் மாமியாருக்கும் இதே நியாயம்தான்.

அனுபவத்தில் கண்ட சில: புறப்படும் முன்பே மருத்துவக் காப்பீடு எடுத்துவிடுங்கள். இங்கே சுற்றிப் பார்க்க வருபவர்களுக்கு அரசு மானியம் கிடையாது, ஒரு நாள் ஆஸ்பத்திரிச் செலவே மலைக்க வைக்கும். வீட்டு முகவரியும் போன் நம்பரும் எழுதிய சீட்டை அவர்கள் சட்டைப்பையிலும் சுருக்குப்பையிலும் வையுங்கள். பஸ் கார்டு வாங்கித் தந்து, பக்கத்துக் கடைக்குத் தனியாகப் போய்வரப் பழக்குங்கள். வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்தால் நான்காம் நாளே ஊர் ஞாபகம் வந்துவிடும்.

கடன் முடியட்டும், பிள்ளைகள் வளரட்டும் என்று தள்ளிப் போடாதீர்கள். நமக்கு வசதி வரும்போது அவர்கள் காலில் தெம்பு இருக்க வேண்டுமே, சகோதரிகளே!

— அனந்தபுரத்து மகள், சிங்கப்பூர்