சிடி பிளேயர் ஓடலைன்னு காரை மாத்தலாமா?

போன மாசம் சித்தப்பா பையன் போன் பண்ணான். விராலிமலையில ஒரு கம்பெனியில வேலை, கைக்கு 38,000 வருது. "அண்ணே, காரை மாத்திரலாம்னு இருக்கேன். ஆறு லட்சம் லோன் போட்டா போதும், இ.எம்.ஐ. எவ்வளவு வரும்னு பார்த்துச் சொல்லுங்க"ன்னான்.

இப்ப இருக்கிற காருக்கு என்னடா குறைன்னு கேட்டேன். இன்ஜின் நல்லாருக்கு, ஏசி நல்லாருக்கு, டயர் போன வருஷம்தான் மாத்தினான். "மியூசிக் சிஸ்டம் செத்துப்போச்சுண்ணே. சிடியும் இல்ல, ரேடியோவும் இல்ல. அன்னவாசல், இலுப்பூர் வழியா தினம் போய்ட்டு வர்றேன், தூக்கம்தான் வருது. எப்படியும் 2012 மாடல், இனிமே ஒண்ணொண்ணா போகத்தானே செய்யும்?"

கணக்கு போட்டேன். ஆறு லட்சம், 9.5% வட்டி, ஏழு வருஷம். மாசம் சுமார் 9,800 ரூபாய். 84 மாசத்தில் 8.24 லட்சம் கட்டணும், அதில் வட்டி மட்டும் 2.24 லட்சம். அவன் சம்பளத்தில் நாலில் ஒரு பங்குக்கு மேல். ஆபீஸில் வரி கணக்கு போட வர்ற பசங்ககிட்ட இதை அடிக்கடி பார்க்கிறேன். புது கார் மேல ஆசை முன்னாடியே மனசுல இருக்கும். அதுக்கு ஒரு காரணம் வேணும், அவ்வளவுதான். சிடி பிளேயர் அந்தக் காரணமா வந்து உட்கார்ந்துக்கும்.

கார் மாத்துறது தப்புன்னு நான் சொல்லல. 2012 காருக்கு 2027-ல 15 வருஷம் முடியும், ஆர்.சி. புதுப்பிக்கணும். அப்போ இந்தக் காரை வச்சுக்கலாமா வேண்டாமான்னு யோசிப்பது நியாயமான கேள்வி. ஆனா பாட்டு ஏன் கேட்கலை என்பது வேற கேள்வி. ரெண்டையும் ஒரே செக்குல செட்டில் பண்ணாதீங்க. "ஞாயித்துக்கிழமை காரை எடுத்துக்கிட்டு வா, அதுக்கப்புறம் லோன் பேசலாம்"னேன்.

நான் மெக்கானிக் இல்ல. ஆனா ஆடிட்ல ஒரு பழக்கம் உண்டு. கணக்கு டேலி ஆகலைன்னா, எது சரியா இருக்குன்னு முதல்ல பிரிச்சு ஒதுக்கிடணும். இங்கேயும் அதேதான். ரேடியோ பாடுது, சிடி மட்டும் ஓடலைன்னா பியூஸ், ஆம்ப்ளிஃபையர், ஸ்பீக்கர் எல்லாம் நல்லாருக்கு, கோளாறு சிடி பகுதியில மட்டும்தான். ரெண்டும் சேர்ந்து செத்திருந்தா, செட்டையே குறை சொல்றதுக்கு முன்னாடி கரண்ட் வருதான்னு பார்க்கணும். செட்டுக்குப் பொதுவா ரெண்டு கரண்ட் லைன் வரும். ஒண்ணு பேட்டரியிலிருந்து எப்பவும் வருவது, கடிகாரமும் ஸ்டேஷன் நினைவும் அதில்தான் நிற்கும். இன்னொண்ணு சாவி போட்டால் மட்டும் வருவது.

தம்பி கார்ல டாஷ்போர்டுக்குக் கீழே பியூஸ் பாக்ஸ். எந்த பியூஸ் எதுக்குன்னு மூடிக்குப் பின்னாடியே படம் போட்டிருந்தது. ஆடியோவுக்கு எதிரே நீலக் கலர் 15 ஆம்பியர். எடுத்துப் பார்த்தா உள்ளே கம்பி அறுந்திருக்கு. அதே பியூஸ்தான் லைட்டர் சாக்கெட்டுக்கும். "மொபைல் சார்ஜர் கூட ரெண்டு வாரமா ஏறலண்ணே"ன்னு அப்பத்தான் சொல்றான்! சாக்கெட்டுக்குள்ள டார்ச் அடிச்சுப் பார்த்தோம். மலிவு சார்ஜரோட முனை உடைஞ்சு உள்ளேயே கிடந்தது. சாவியை ஆஃப் பண்ணிட்டு அதை எடுத்துட்டு, பத்து ரூபாய்க்கு ஒரு நீல பியூஸ் வாங்கிப் போட்டோம். ரேடியோ வந்துருச்சு.

(பியூஸ் திரும்பத் திரும்பப் போகுதுன்னு சிலர் 15-க்குப் பதில் 20, 30 போடுவாங்க, இல்ல சிகரெட் பாக்கெட் பேப்பரைச் சுத்தி வைப்பாங்க. அதுக்கப்புறம் பியூஸ் போகாது, ஒயர் போகும். வண்டியே எரியலாம்.)

சிடி மட்டும் இன்னும் தடுமாறிச்சு. அவன் போட்டது ஒரு டஜன் வருஷத்துக்கு முன்னாடி கடையில் ரைட் பண்ணி வாங்கின எம்பி3 டிஸ்க், டாஷ்போர்டு மேலேயே வெயில்ல கிடந்தது. ரைட் பண்ற டிஸ்க்ல தகவல் பதிவாவது ஒரு சாயப் படலத்தில். நம்ம ஊர் சித்திரை வெயிலை அது எத்தனை வருஷம் தாங்கும்? என்கிட்ட இருந்த கம்பெனி ஒரிஜினல் ஆடியோ சிடியைப் போட்டோம், சுத்தமா பாடுச்சு. ஆக லென்ஸும் நல்லாருக்கு, டிஸ்க்தான் போச்சு. ஒரிஜினலும் திக்கித் திணறியிருந்தா லென்ஸ்ல புழுதின்னு அர்த்தம். செம்மண் ரோட்டுல கண்ணாடியை இறக்கிவிட்டு ஓட்டுறவங்களுக்கு அது சகஜம். லென்ஸ் கிளீனர் டிஸ்க் சில நூறு ரூபாய்தான், ஒரு தடவை முயற்சி பண்ணலாம்.

ஆக மொத்தம் செலவு பத்து ரூபாய்.

எனக்கு இந்தப் புத்தி இலவசமா வரலை. வேலைக்குச் சேர்ந்த புதுசுல என் முதல் காருக்கு 14,000 ரூபாய்க்கு ஒரு டச் ஸ்கிரீன் மாட்டினேன். பழைய செட்டுல என்ன கோளாறுன்னு கடைக்காரரும் பார்க்கல, நானும் கேட்கல. கப்ளர் போடாம ஒரிஜினல் ஒயரை வெட்டி முறுக்கி டேப் சுத்திட்டார். ரெண்டு நாள் வண்டி எடுக்கலைன்னா பேட்டரி டவுன். இன்னொண்ணு எனக்கே அப்போ தெரியாது, சி.ஏ. முடிச்சவன்னு சொல்லிக்க வெட்கமாத்தான் இருக்கு. கம்பெனியிலிருந்து பொருத்தி வராத எலக்ட்ரானிக் சாமானைப் பாலிசியில் தனியா அறிவிச்சு, வழக்கமா அதோட மதிப்பில் 4% கூடுதல் பிரீமியம் கட்டினாத்தான் அதுக்கு இன்சூரன்ஸ் உண்டு. நான் கட்டலை.

அதனால அப்பா கார்ல அதே மாதிரி பிரச்சினை வந்தப்ப நிதானமா இருந்தேன். அப்பா ரிட்டயர்டு வாத்தியார், 2011-ல வாங்கின கார். சிடி உள்ளே போய் மாட்டிக்கிச்சு. பாடவும் இல்ல, வெளியே வரவும் இல்ல, ஆனா ரேடியோ பாடுது. கடையில "செட்டையே மாத்திடுங்க சார்"னாங்க. அப்பா ஒத்துக்கலை. உள்ளே இருந்தது அம்மா ஒரு நோட்டுப் பேப்பர்ல பாட்டு லிஸ்ட் எழுதிக் குடுத்து கீழராஜ வீதியில ரைட் பண்ணின டிஸ்க். அம்மா இப்ப இல்லை.

கத்தி, ஸ்கேல் எதையும் உள்ளே விடலை. முதல்ல மேனுவல் கவர்ல ரேடியோ கோடு கார்டு இருக்கான்னு பார்த்துக்கிட்டேன். பல பழைய செட்டுகள் கரண்ட் அறுந்து வந்தா கோடு கேட்கும், தப்பா சில தடவை அடிச்சா லாக் ஆயிடும். செகண்ட் ஹேண்ட் கார் வாங்குறவங்க ஆர்.சி., இன்சூரன்ஸோட இந்தக் கார்டையும் கேட்டு வாங்குங்க. அப்புறம் பேட்டரி நெகட்டிவ் ஒயரைக் கழட்டி பத்து நிமிஷம் கழிச்சு மாட்டினேன். டிஸ்க் வரல. ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியன்கிட்ட போனோம். செட்டைக் கழட்டிப் பிரிச்சு டிஸ்கை எடுத்தார். மேலே ஒட்டியிருந்த பேப்பர் லேபிள் வெயில்ல உரிஞ்சு ரோலர்ல சுத்திக்கிட்டிருந்தது. கூலி 400 ரூபாய். பிளேயருக்கு ஒண்ணுமே ஆகலை.

எவ்வளவு வரைக்கும் செலவு பண்ணலாம்னு கேட்டா, என் கணக்கு ஆயிரம் ரூபாய். அதுக்குள்ள சரியாகலைன்னா சிடியை விட்டுடுங்க. லேசர் யூனிட் தேடி அலையாதீங்க. செட்டுல ஆக்ஸ் ஓட்டை இருந்தா ஒரு கேபிள் போதும், போனிலிருந்து பாட்டு வந்துடும். ஆக்ஸும் இல்லாம, ரேடியோவும் செத்து, ஸ்கிரீன் மாட்டியே ஆகணும்னா கையில இருக்கிற காசுல, ஒயரை வெட்டாம கப்ளரோட மாட்டுங்க. பில் வாங்கி இன்சூரன்ஸ்ல ஏத்துங்க.

தம்பி லோன் பேச்சை இப்போதைக்கு எடுக்கல. அந்த 9,800-ல பாதியை மாசாமாசம் ஆர்.டி.யில போடச் சொல்லியிருக்கேன், 2027-ல முன்பணமா உதவும். போடுறானான்னு அடுத்த மாசம்தான் தெரியும்.

அம்மா டிஸ்கை கம்ப்யூட்டர்ல காப்பி பண்ணேன். மூணு பாட்டு படிக்க வரலை. மீதி எல்லாம் பென் டிரைவ்ல இருக்கு. அப்பா செட்டுல யூஎஸ்பி கிடையாது, அதனால புது டிஸ்க்ல ரைட் பண்ணிக் குடுத்திருக்கேன், லேபிள் ஒட்டாம.